பேரேட்டில் இல்லாத பூனை

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-ஆம் ஆண்டு எழுதப்பட்டது. எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. சாக்கடை, சந்தை, தெருவிளக்கு, குடிநீர் என்று எல்லாவற்றுக்கும் பிரிவு வைத்திருக்கும் அந்தச் சட்டத்தில் 385-ஆவது பிரிவு செத்த விலங்குகளுக்கானது. வீட்டில் விலங்கு செத்தால் குடியிருப்பவர் மூன்று மணி நேரத்துக்குள் மாநகராட்சியின் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இரவில் செத்தால் பொழுது விடிந்து மூன்று மணி நேரம்வரை அவகாசம். உடலை அப்புறப்படுத்துவது ஆணையரின் கடமை. வண்டி மாடானாலும் மடியில் தூங்கிய பூனையானாலும் கெடு ஒன்றுதான்.

எழுதியவர்கள் மனதில் இருந்தது நாற்றமும் நோயும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1874 முதல் அந்த ஊரில் குதிரைகள் இழுத்த டிராம் ஓடியது. சுமைக்கு மாட்டு வண்டி. ஒரு குதிரை தெருவில் விழுந்து இரண்டு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்பது அன்றைய பம்பாய்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று மணி நேரம் என்று ஒரு கணக்கைச் சட்டம் வைத்தபோது, செத்த விலங்குக்காக யாராவது அழக்கூடும் என்ற யோசனை அந்த மேசையில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் தாராவி தாராவியாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அது மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். கோலி மீனவர்களின் ஊர். 1737-இல் ஆளுநர் ஜான் ஹார்ன் காலத்தில் கட்டிய கருங்கல் கோட்டை ஒன்று, காலா கிலா, மித்தி ஆற்றோரம் நின்றது. இன்றும் வீடுகளுக்கு நடுவில் நெரிபட்டு நிற்கிறது. நகரம் தன் முற்றத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களெல்லாம் அந்தச் சதுப்புக்குத் தள்ளப்பட்டன. அதில் தலையாயது தோல். கழிமுகத்துக்கு அக்கரையில், பாந்த்ராவில், இறைச்சிக் கூடம். இக்கரையில் பச்சைத் தோலை வாங்கிப் பதப்படுத்தும் தொட்டிகள். அந்தத் தொட்டிகளை நடத்த வந்தவர்கள் திருநெல்வேலிச் சீமைத் தமிழ் முஸ்லிம்கள். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் அதே சீமையின் ஆதிதிராவிடர்கள். தாராவியின் முதல் பள்ளிவாசலான படி மஸ்ஜித் 1887-இல் எழுந்தது. தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் 1913-இல் வந்தது. தாராவித் தமிழர் வரலாற்றை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் வைத்துப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

அந்த ஊரில் விலங்கின் சாவு என்பது சரக்கு. மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனித் தரம். உப்புப் போட்டு வந்த தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதை சுரண்டி, பட்டையில் ஊறப்போட்டு எடுப்பவர்களின் கைக்கு ஒரு மாட்டின் வயது, அதன் நோய், சாட்டையடித் தழும்பு எல்லாம் தெரியும். கொம்பும் எலும்பும்கூட வீணாகாது. இத்தனை சாவுகளைக் கையால் தொட்டுப் பிழைத்த ஊரில், யாருடைய பேரேட்டிலும் ஏறாத ஒரு சாவு உண்டென்றால் அது பூனையுடையது. அதன் தோல் தொட்டிக்கு வராது, இறைச்சிக்கு ஆள் இல்லை, எலும்புக்கு விலை இல்லை. செத்த பூனையால் யாருக்கும் ஒரு காசு இல்லை. அந்த உடலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு மிஞ்சுவது வருத்தம் மட்டுமே.

வருத்தப்பட ஆள் இருந்ததற்குக் காரணமும் தாராவியின் தொழிலிலேயே இருக்கிறது. கோலிவாடாவில் மீன் காயும் இடமெங்கும் பூனை வேண்டாமென்றாலும் வந்து உட்காரும். தமிழர் சந்துகளில் கதை வேறு. விடியுமுன் ஆயிரக்கணக்கான இட்லிகளை வேகவைத்து நகரமெங்கும் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்கும் வீடுகள் அவை. அங்கே அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பத்துக்குப் பத்து அறை. மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண். மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. மோரியின் துளை வழியாக எலி வரும். அந்த வீட்டில் பூனை சம்பளமில்லாத காவல்காரன்.

எலி என்றால் மும்பையில் வெறும் தொல்லை இல்லை, வரலாறு. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயாளியைக் கண்டறிந்தார். அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய பாதி ஊர் காலியானது. 1897 ஜனவரியில் வால்டெமார் ஹாஃப்கின் தான் தயாரித்த தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு நோய் வருகிறது என்று 1898-இல் பால் லூயி சிமோன் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. அதே 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. நெரிசலைக் கலைத்து அது போட்ட நேர்த்தெருப் பகுதிகளில் ஒன்றுதான் பிற்காலத் தமிழ்க் குமாஸ்தாக்களின் மாட்டுங்கா. தெருவுக்கு மரம், வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மண் என்று மாட்டுங்காவுக்குக் கிடைத்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவிக்குச் சதுப்பு மிஞ்சியது. மாட்டுங்காப் பூனைக்குச் செம்பருத்திச் செடியடியில் ஒரு குழி கிடைத்ததும் தாராவிப் பூனைக்குக் கிடைக்காததும் ஒரு வகையில் பிளேக் போட்ட கோடு.

எலிதான் எதிரி என்று உறுதியான பிறகு பூனைக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். அமராவதியில் அரசு மருத்துவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஆண்ட்ரூ புக்கானன், பூனை நிறைய வளரும் ஊர்களில் பிளேக் குறைவாக இருக்கிறது என்று வாதிட்டு 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும் என்பதால் அந்த யோசனை அரைகுறைதான். ஆனாலும் ஓர் அரசாங்க டாக்டர் பூனையைப் பொதுச் சுகாதார ஊழியராகப் பார்த்த ஆவணம் அது. மும்பை மாநகராட்சி அந்த வேலையைக் கடைசியில் மனிதர்களுக்கே கொடுத்தது. கையில் தடியும் டார்ச்சுமாக இரவு முழுக்கச் சந்து சந்தாக அலையும் எலி பிடிப்பவர்கள் மாநகராட்சி ஊழியர்கள். ஓர் இரவுக்கு 30 எலி என்பது அவர்களுக்கு வைத்த கணக்கு. காலையில் எலிகளை எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணிக் காட்டாத பூனைக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

சரி, நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் தங்களோடு என்ன வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்? தமிழ்நாட்டில் விலங்குக்கு இழவு கொண்டாடுவது புதிதில்லை. கோயில் காளை செத்தால் ஊரே கூடும். மாலை விழும், மேளம் வரும், வேட்டியும் துண்டும் சாத்தி ஊர்வலமாக எடுத்துப்போய்ப் புதைப்பார்கள். மின்கம்பியில் அடிபட்டுச் செத்த குரங்குக்கு அனுமார் என்று சொல்லி மஞ்சள் துணி போர்த்திக் குழி வெட்டுவார்கள். 2022 நவம்பரில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்ததும் நகரமே தெருவுக்கு வந்தது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1948 ஜூனில் இறந்த பசு லட்சுமிக்கு அங்கே சமாதி உண்டு. பக்கத்திலேயே வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காக்கைக்கும் சமாதிகள்.

இந்த வரிசையில் பூனை இல்லை. காளைக்குக் கோயில் இருக்கிறது, குரங்குக்கு அனுமார் இருக்கிறார், காக்கைக்கு முன்னோர் இருக்கிறார்கள். பூனைக்கு இருப்பது சகுனம், அதுவும் கெட்ட சகுனம். வீட்டுக்குள் மடியில் படுத்திருக்கும் அதே பூனை வாசலில் குறுக்கே போனால் கிளம்பிய ஆள் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஊரில் பூனை செத்தால் சத்தமில்லாமல் தென்னைக்கோ முருங்கைக்கோ அடியில் புதைப்பது உண்டு. தீட்டு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். ஒரு பெண்பிள்ளை சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தால் ஆச்சி கேட்பது ஒன்றுதான்: “ஏட்டி, பூனை செத்ததுக்கா இப்படிக் கெடக்க?”

சாத்திரம் பூனையைப் பேசாமல் இல்லை. பேசியது வேறு மாதிரி. பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காகம் ஆகியவற்றைக் கொன்றவன் சூத்திரனைக் கொன்றதற்கான பிராயச்சித்தத்தைச் செய்ய வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம். பூனையின் உயிருக்கு மதிப்பு கொடுத்த விதி என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. விதி எந்தப் பக்கத்து உயிரை எந்தப் பக்கத்துக்கு இறக்கியது என்பது தோல் தொட்டியில் நின்றவர்களுக்குத் தெரியாததல்ல. 1927 டிசம்பர் 25-இல் அம்பேத்கர் முன்னின்று அந்த நூலைக் கொளுத்திய மஹாட், மும்பைக்குத் தெற்கே கொங்கண் பக்கம்தான் இருக்கிறது. பூனையைக் கொன்றால் பொன்னில் பூனை செய்து தானம் தர வேண்டும் என்ற நம்பிக்கையும் வடக்கிலிருந்து தெற்குவரை உண்டு. இந்தி எழுத்தாளர் பகவதி சரண் வர்மா ‘பிராயச்சித்’ கதையில் இதை நன்றாகவே கிழித்திருக்கிறார்: பூனை செத்துவிட்டது என்று பண்டிதரைக் கூப்பிட்டு, 21 தோலாவில் ஆரம்பித்த தங்கப் பூனை பேரம் 11 தோலாவுக்கு இறங்கிய நேரத்தில், செத்த பூனை எழுந்து ஓடிவிடுகிறது. கொன்றவனின் பாவத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்த மரபு, பறிகொடுத்தவரின் துயரத்துக்கு ஒரு சடங்கும் வைக்கவில்லை.

தாராவியில் பூனையின் மானத்தைக் காப்பாற்றியது பெரும்பாலும் அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பம் என்றே சொல்லலாம். நபித்தோழர் ஒருவரின் பெயரே அபூ ஹுரைரா, பூனைக்குட்டிக்காரர். பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்று நபிமொழி உண்டு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் போனதாக மற்றொரு நபிமொழி. பள்ளிவாசல் படியில் படுத்திருக்கும் பூனையை யாரும் விரட்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், ஊர்ப் பூனைகளுக்கென்றே ஒரு தோட்டத்தை எழுதிவைத்தது இந்த மரபிலிருந்துதான். ஆனாலும் செத்த பூனைக்குத் தொழுகை கிடையாது. மண்ணில் மறைத்துவிட வேண்டும், அவ்வளவே. அந்த மண் எங்கே என்பதுதான் தாராவியில் கேள்வி.

மும்பை விலங்குகளிடம் இரக்கமில்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. அதன் முதல் பெரிய கலவரங்களில் ஒன்றே நாய்களுக்காக நடந்தது. 1832 ஜூனில் தெருநாய்களைக் கொல்லும் வேலையைப் போலீஸ் தீவிரப்படுத்தியபோது பார்சிகள் கொதித்தெழுந்தார்கள். இறந்தவரின் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஈமச் சடங்கில் ஓர் அங்கம். கோட்டைப் பகுதிக் கடைகள் அடைபட்டன, வெள்ளைக்காரர் வீடுகளுக்குச் சாமான் போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1834-இல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் வணிகர்களும் சேர்ந்து புலேஷ்வரில் பாஞ்ச்ராபோல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். 1883-இல் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை வந்தது. மனைவி பெயரில் கொடை கொடுத்தவர் ஆலை முதலாளி தின்ஷா பெட்டிட். 1886-இல் அதே பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரி. உயிரோடிருக்கும் விலங்குக்கு ஏற்பாடு ஒவ்வொன்றாக வந்தது. செத்த பிறகு 385-ஆவது பிரிவு.

உலகின் மற்ற ஊர்களிலும் நாற்றமே முதலில் பேசியது, துக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எகிப்தில் பூனை செத்த வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டதாக ஹெரோடோட்டஸ் எழுதினார். அப்படிப் போற்றிப் பதப்படுத்திய பூனை மம்மிகளை 1890-இல் சுமார் 19 டன் அளவுக்கு லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, வயலுக்கு எருவாக ஏலம் விட்டார்கள் ஆங்கிலேயர்கள். பாரிஸில் செத்த நாய்களையும் பூனைகளையும் சேன் ஆற்றில் வீசிக்கொண்டிருந்தார்கள். 1898-இல் சட்டம் அதைத் தடுத்து, வீடுகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளி மண்ணில் புதைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே அஸ்னியேரில் ஆற்றோரமாக விலங்குகளுக்கான கல்லறைத் தோட்டம் திறந்தது. பத்திரிகையாளர் மார்கரித் துரான் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆற்றில் போடாதே என்று சொன்ன சட்டம், எங்கே போடலாம் என்பதற்கும் வழி திறந்தது. மித்தி ஆற்றங்கரைக்கு அந்த இரண்டாவது பாதி வந்து சேரவில்லை. புக்கானன் பூனையைப் பிளேக் தடுப்பாளராக்கிய அதே 1908-இல், டோக்கியோவில் நாவலாசிரியர் நத்சுமே சோசெகி தன் பூனை செப்டம்பர் 13-ஆம் தேதி இறந்ததை அஞ்சலட்டையில் எழுதி நெருங்கியவர்களுக்கு அனுப்பினார். பூனையே கதை சொல்லும் நாவலால் பெயர் வாங்கியவர் அவர். பூனையை வீட்டிலேயே புதைத்து, நட்ட பலகையில் ஒரு ஹைக்கூவும் எழுதினார். அவருக்குப் புதைக்க இடம் இருந்தது.

தாராவியில் பூனை யாருடையது என்பதே சுலபமாகத் தீராத வழக்கு. காலையில் இட்லிக்கார வீட்டில் பாலும், மதியம் பக்கத்து வீட்டில் மீன் தலையும், இரவில் தையல்கூடத்தில் துணிக்குவியல் மேல் தூக்கமுமாக ஒரே பூனைக்கு மூன்று வீடு, மூன்று பெயர். அது செத்தால் ஒரு வீட்டில் பாட்டி அழுவாள், இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை அழும், தையல்கூடத்தில் பீகார் பையன் ஒருவன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பான். அடுத்து யார் எடுப்பது, எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு. பழைய துண்டில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி முடிச்சுப் போடுவார்கள். சந்து முழுக்கக் கல்லும் சிமென்டும். கல்லுக்குக் கீழே குழாயும் சாக்கடையும். ஒரு முழம் தோண்டினால் யாருடைய தண்ணீர் இணைப்பாவது உடையும். ஆகவே இருட்டிய பிறகு கழிமுகத்துச் சேறு, அல்லது ரயில் பாதையோரம், அல்லது குப்பை வண்டி.

குப்பை வண்டி போன இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மித்தி ஆற்றோரம், தாராவியை ஒட்டி, இன்று மகாராஷ்டிரா நேச்சர் பார்க் என்று மரமடர்ந்து நிற்கும் 37 ஏக்கர் நிலம் 1977-வரை நகரத்தின் குப்பை மேடு. பிறகு மண் கொட்டி, கன்று நட்டு, 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பட்டாம்பூச்சி பார்க்க வரும் அந்த மண்ணுக்குள் சுற்றுவட்டாரத்தின் எத்தனை தலைமுறைப் பூனைகள் சேர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம், கணக்கெடுக்க முடியாது.

2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி தன் இடத்தைத் திரும்பக் கேட்டது. நகரெங்கும் ஆயிரக்கணக்கில் செத்த ஆடு மாடுகளை அகற்றுவதே வெள்ளத்துக்குப் பிந்தைய பெரிய வேலையாக இருந்தது. மனிதரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பூனையைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பரணில் ஏறித் தப்பிய பூனைகள் தப்பின.

நகரத்தின் பேரேட்டில் பூனைக்கு ஒரு பத்தி திறந்தது மிகச் சமீபத்தில். 2019-இல் மாநகராட்சி பூனைகளுக்கான கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. நாய்களுக்கு அது வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023 செப்டம்பரில் மாலாடில் நாய், பூனை போன்ற சிறு விலங்குகளுக்கென்று குழாய் எரிவாயுவில் இயங்கும் எரிகூடம் ஒன்றை மாநகராட்சி திறந்தது. கட்டணம் இல்லை. அதுவரை இதற்காக அலைந்தவர்கள் பெரும்பாலும் பரேல் மருத்துவமனையைத்தான் நாடினார்கள். மற்றவர்களுக்குக் குப்பை வண்டியே கதி. 2024-இல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறு விலங்கு மருத்துவமனை, 165 கோடி ரூபாய்ச் செலவில், ஐந்து மாடிகளோடு வந்தது. அங்கே பூனைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. 1883-இல் பரேலில் தொடங்கிய பாதை அது. மாலாடு எரிகூடம் 1888-இன் பிரிவுக்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த பின்னிணைப்பு.

மாஹிமில் ரயிலேறினால் மாலாடு ஒன்பதாவது நிலையம். பையில் பூனையோடு மின்சார ரயிலின் கூட்டத்தில் நிற்க முடியாது. டாக்ஸி வைத்தால் அன்றைய கூலி போய்விடும். தாராவியில் பெரும்பாலான வேலை பீஸ் கணக்கு: எத்தனை சட்டைக்குக் காலர் வைத்தோம், எத்தனை பெல்ட்டுக்கு பக்கிள் அடித்தோம் என்பதுதான் சம்பளம். அரை நாள் லீவு என்ற ஒன்று கிடையாது. பூனை செத்ததுக்கு லீவு என்று சொன்னால் முதலாளி மட்டுமில்லை, பக்கத்து மெஷின்காரனும் சிரிப்பான். ஆகவே மாலாடு வரை போகிறவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதிகம், தாராவியில் குறைவு என்று எதிர்பார்க்கலாம். தாராவியில் 1916 என்ற மாநகராட்சி எண்ணை அழைத்துச் சொன்னால் வண்டி வரும். வண்டி தொண்ணூறு அடி சாலையில்தான் நிற்கும், சந்துக்குள் நுழையாது. அதுவரை பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் பார்த்தவர்கள் “என்ன பை?” என்று கேட்டால், பெரும்பாலும் “ஒண்ணுமில்லை” என்றுதான் பதில் வருகிறது.